யாருடைய கையெழுத்து? போருக்குப் பின் வடக்கு கிழக்கில் பெண்கள் பின்னிய வலை

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில், ஒரு பெண்ணுக்குத் தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதனக் காணி அவளுடையதுதான். முதுசொமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வந்தாலும் அப்படித்தான். ஆனால் அதை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ அவள் கையெழுத்து மட்டும் போதாது. கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படி எழுதிவைத்திருந்தது. பிரித்தானியர் காலத்து அந்த வரி, 2009 மே மாதம் போர் முடிந்தபோதும் உயிரோடு இருந்தது.

அப்படி ஒரு பெண்ணுக்குக் கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான் தெரியாது. முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த இடத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவன், பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை. கூரை போடக் காணியை ஈடு வைக்கலாம் என்று மனைவி, உறுதி என்னும் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போகிறாள். அவர் கணவனின் கையெழுத்தைக் கேட்கிறார். இருக்குமிடம் தெரியாத கணவனின் சம்மதம் இல்லாமலே காணியை எழுத மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. ஆனால் அதற்குச் சட்டத்தரணி வேண்டும், தவணைக்குத் தவணை பஸ் காசு வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

2010இல் அரசு வேறொரு வழியைத் திறந்தது. ஓராண்டுக்கு மேல் காணாமற் போயிருப்பவரை இறந்தவராகப் பதிவு செய்ய 19ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மரணச் சான்றிதழ் கையில் வந்தால் காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு எல்லாம் சரிவரும் என்று அலுவலகங்களில் சொன்னார்கள். அந்தப் படிவத்தில் விண்ணப்பதாரர் கையெழுத்து வைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கையெழுத்து வைப்பது, அவன் செத்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது. பொட்டைக்கூட அழிக்காமல் காத்திருந்தவர்களிடம் அரசு கேட்டது இதைத்தான்.

போருக்குப் பிந்திய சமூகங்களில் பெண்கள் அமைப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்திலிருந்து தொடங்குவார்கள். அந்தத் தீர்மானத்தின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் வடக்கு கிழக்கில் தமிழ், முஸ்லிம் பெண்கள் கட்டியெழுப்பிய வலையமைப்புகளின் வேர், மேலே சொன்ன படிவத்தில் இருக்கிறது. காணியில், வங்கியில், நீதிமன்றத்தில், உதவிப் பட்டியலில் யாருடைய கையெழுத்து செல்லும் என்ற கேள்விதான் அவர்களை ஒன்றாக உட்கார வைத்தது. அரசியலில் ஒத்துப்போகாத பெண்கள்கூட அந்தக் கேள்வியில் ஒத்துப்போனார்கள்.

இந்த உழைப்பு 2009இல் தொடங்கியதல்ல. 1984இல் வடக்கில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒரேயடியாகப் பிடித்துச் செல்லப்பட்டபோது, யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். அரசாங்க அதிபரிடம் அவர்கள் கேட்டது பிள்ளைகளை. அதே பெயரில் கிழக்கிலும் தாய்மார் திரண்டார்கள். 1988இல் மட்டக்களப்பு மாமாங்கத்தில் ஒரு மாதம் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்ட பூபதியம்மா அந்த முன்னணியைச் சேர்ந்தவர். 1990இல் தெற்கில், ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் மாத்தறையில் தொடங்கிய அமைப்புக்கும் பெயர் அன்னையர் முன்னணியே. தாய்மை என்ற அடையாளத்துக்கு ஒரு கவசம் இருந்தது. வேறு எவர் தெருவில் இறங்கினாலும் சுடப்படக்கூடிய காலத்தில், தாய் இறங்கினால் துப்பாக்கி ஒரு கணம் தயங்கியது.

அதே கவசம் சிறையாகவும் இருந்தது. பிள்ளைக்காக அழும் வரைக்கும் அவள் போற்றப்பட்டாள். தனக்காக ஒன்று கேட்டால் குரல் தனித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளின் இறுதியில் ஆதரவற்ற பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட பூரணி இல்லம் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. அதற்குத் துணைநின்ற மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் வன்முறையையும் பெயர் சொல்லி எழுதியவர் அவர். ஒரு பெண் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு அந்தக் கொலை போட்ட கோட்டை, பின்வந்தவர்கள் எல்லோரும் மனதில் வைத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

கிழக்கில் கதை சற்று வேறு. போரால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பெண்களிடையே 1991இல் உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்கு மாறியது. வீட்டு வன்முறை, சட்ட உதவி, நாடகம், பாட்டு, சஞ்சிகை என்று அதன் வேலை பல கிளை விட்டது. சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் நெடுங்காலம் அதனோடு இருந்தார்கள். துப்பாக்கிகள் எல்லாப் பக்கமும் நின்ற ஊரில், அடிவாங்கிய பெண் இரவு வந்து தட்டக்கூடிய கதவு ஒன்று இருந்தது என்பதே பெரிய விஷயம்.

மன்னாரின் கதை இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பத்தில் வந்த ஷிரீன் சரூர் பிறகு மன்னாருக்கே திரும்பி, தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்த மன்னார் மாதர் அபிவிருத்திச் சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தன்னை வெளியேற்றிய இயக்கத்தின் பெயரில் பிள்ளைகளை இழந்த தாய்மாரோடு ஒரே பாயில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. பேச்சுவார்த்தை மேசையில் பெண்களே இல்லை என்ற குறையைத் தீர்க்க, பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அரசு சார்பில் குமாரி ஜயவர்தன, குமுதினி சாமுவேல் உள்ளிட்ட 5 பெண்கள், புலிகள் சார்பில் அவர்களின் மகளிர் அரசியல் பிரிவைச் சேர்ந்த தமிழினி தலைமையில் 5 பெண்கள். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க் அனுசரணையாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலக, உபகுழுவும் நின்றுபோனது. இந்தக் காலத்தை ஒட்டிக் கண்டியில், கிளிநொச்சிச் சண்டையில் காணாமற் போன இராணுவ அதிகாரி ஒருவரின் தாயான விசாகா தர்மதாச, போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தைத் தொடங்கி, வன்னிக்குப் போய்ப் புலிகளையே சந்தித்துப் பேசினார். அவர் தேடியதும் மகனைத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி, கையெழுத்துக் கேள்வியை நேராக முகத்தில் அறைந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுடையது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். ‘எங்கட வீடு’ என்று அங்கே ஒரு பெண் சொன்னால் அது சட்டப்படியும் உண்மை. அந்த வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு, அரசும் உதவி நிறுவனங்களும் கட்டிய புதிய வீடுகளின் உறுதி எழுதப்பட்டது ‘குடும்பத் தலைவர்’ பெயரில். தலைவர் என்றால் ஆண். பல தலைமுறையாகப் பெண்வழியில் வந்த சொத்து, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் கைமாறியது. அடிக்கும் கணவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லும் பலம் அதுவரை அந்தப் பெண்ணுக்கு இருந்தது. புதிய வீட்டில் அவளே வெளியேற வேண்டியவள்.

மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போது ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, கூட்டு உறுதியாவது கொடுங்கள் என்று செயலகங்களின் கதவைத் தட்டின. முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் தனித்தனிச் சங்கங்களாக இருந்தவை, ஒரு கோரிக்கையை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபோது, அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

பிறகு முள்ளிவாய்க்கால். போர் முடிந்த மறு ஆண்டு, மகளிர் விவகாரப் பிரதி அமைச்சராக இருந்த ஹிஸ்புல்லாஹ் சொன்ன கணக்குப்படி, வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர். கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற சொல் அப்போதுதான் எல்லா அலுவலகப் பலகையிலும் ஏறியது. அந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். தலைமைத்துவம் என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தலைவிக்குரிய ஓர் உரிமையையும் கொடுக்கவில்லை. காணி அனுமதிப்பத்திரம் அவன் பெயரில், வங்கிக் கணக்கு அவன் பெயரில், கடன் மட்டும் அவள் பெயரில்.

வடக்கில் எந்த அமைப்பு எந்த வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது பசில் ராஜபக்ச தலைமையிலான ஜனாதிபதி செயலணி. அரசசார்பற்ற நிறுவனங்களைக் கண்காணிக்கும் செயலகம் 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. வாழ்வாதார உதவிக்கு அனுமதி கிடைத்தது: கோழிக்குஞ்சு, ஆடு, தையல் மெசின். உளசமூகப் பணிக்கு அனுமதி இல்லை. போரின் கடைசி மாதங்களில் கண்டதை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் உட்கார்ந்து சொல்வது அரசின் கண்ணில் ஆபத்தான வேலையாக இருந்தது. ஏனென்றால் சொன்னால் அது சாட்சியமாகிவிடும். கூட்டம் நடந்தால் சிவில் உடையில் யாராவது வந்து நிற்பார்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று பின்னர் தொலைபேசியில் கேட்பார்கள். புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்த 2,000க்கும் மேற்பட்ட முன்னாள் பெண் போராளிகள் இன்னும் தனித்துப் போனார்கள். இராணுவம் அவர்களைச் சந்தேகித்தது, ஊரும் சந்தேகித்தது. கலியாணப் பேச்சு வந்தால் ‘தடுப்பில் இருந்தவள்’ என்ற ஒரு சொல்லே போதும், பேச்சு முறிய.

இந்தச் சூழலில்தான் வடக்கு கிழக்கில் சிதறிக் கிடந்த தமிழ், முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பெண்கள் செயற்பாட்டு வலையமைப்பாக ஒன்றுசேர்ந்தன. ஒன்றாகச் சேர்வதில் ஒரு நடைமுறைப் பாதுகாப்பு இருந்தது. முல்லைத்தீவில் நடந்த ஒன்றை முல்லைத்தீவு அமைப்பே வெளியே சொன்னால், மறுநாள் அவர்கள் வாசலில் ஜீப் நிற்கும். அதையே எட்டு மாவட்டத்து அமைப்புகள் ஒரே பெயரில் சொன்னால், எந்த வாசலில் ஜீப்பை நிறுத்துவது? வலையமைப்பு என்ற சொல்லுக்கு அங்கே இருந்த முதல் பொருள் இதுதான்.

2010 ஜூன் மாதம் வன்னியின் விசுவமடுவில், மீள்குடியேறிய பெண்கள் மீது இராணுவத்தினர் நடத்திய பாலியல் வன்முறை வழக்கை எடுத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்காமல் நின்று சாட்சி சொன்னார்கள். 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 4 இராணுவத்தினருக்கும் 25 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. ஒரு தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுகள். இப்படியான ஒரு வழக்கில் அந்த ஐந்தாண்டையும் தாண்டுவதற்கு என்ன வேண்டும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தவணை நாளில் யாரோ ஒருவர் கூட வர வேண்டும். பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டும். ஊரில் கதை கட்டுபவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். ‘சமாதானமாப் போங்கோ’ என்று வீட்டுக்கு வருபவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அறிக்கைகளில் வராத இந்த வேலைதான் பெண்கள் அமைப்புகளின் உண்மையான வேலை. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நால்வரையும் விடுவித்தது. அதற்குப் பிறகு இன்னொரு பெண்ணிடம் போய் ‘நீங்களும் சாட்சி சொல்லுங்கோ’ என்று கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் களத்தில் நிற்பவர்கள்தான் அறிவார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கும் பெண்ணுரிமை அமைப்புகளுக்கும் உள்ள உறவு எளிதானதல்ல. அந்தத் தாய்மார் தங்களைப் பெண்ணுரிமைவாதிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. கோரிக்கை ஒன்றே: எங்கள் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே. வவுனியாவில் ஒரு பிரிவினர் அமெரிக்கக் கொடியைப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு அது உடன்பாடில்லை. கட்சிகள் தாய்மாரை மேடைக்கு அழைத்தன. தேர்தல் முடிந்ததும் மறந்தன. வீட்டு வன்முறை, சீதனம், சாதி பற்றிப் பெண்கள் அமைப்புகள் பேசியபோது, ‘இனப்பிரச்சினை தீரட்டும், அதெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்று சொன்ன அதே ஆண்கள்தான் தாய்மாரின் கண்ணீரைப் பதாகையில் அச்சிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் படிவத்தின் முன்னால் இரு தரப்பும் ஒன்றாகத்தான் நின்றன. மரணச் சான்றிதழ் வேண்டாம், அவர் காணாமற் போயிருக்கிறார் என்று அரசே ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்ற கோரிக்கை இந்தக் கூட்டு உழைப்பில் வளர்ந்தது. 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அது நிறைவேறியது. கணவனைச் சாகடிக்காமலே வங்கிக் கணக்கைத் திறக்க, கொடுப்பனவு பெற, அந்தத் தாள் வழிவிட்டது. அதே ஆண்டு நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தைக் கேட்ட ஆலோசனைச் செயலணியின் 11 உறுப்பினர்களில் 6 பேர் பெண்கள். மனோரி முத்தெட்டுவேகம தலைவர். சித்திரலேகா மௌனகுருவும் விசாகா தர்மதாசவும் அதில் இருந்தார்கள். 7,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகளும் கருத்துகளும் திரண்ட அந்த அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அரசு அதைக் கிடப்பில் போட்டது. தெரிந்ததை எல்லாம் திரும்பத் திரும்ப ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னாலும் சொல்லிக் களைத்தவர்களுக்கு அது இன்னொரு முறை.

2022 மார்ச்சில், அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே தடவையில் ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. போராட்டக் கொட்டகைகளில் இருந்த தாய்மார் வேண்டாம் என்றார்கள். வறுமையில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்வதன் கனத்தைப் பணம் கொடுப்பவர்கள் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், அனந்தி சசிதரன் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், இராணுவத்திடம் சரணடைந்த அவர் கணவர், புலிகளின் அரசியல் பொறுப்பாளர்களில் ஒருவரான எழிலன் உள்ளிட்டோருக்கு இராணுவம் பதில் சொல்ல வேண்டும் என்று வவுனியா மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மாகாண சபைத் தேர்தலில் 87,870 விருப்பு வாக்கு பெற்று வடக்கிலேயே இரண்டாம் இடத்தில் வென்றவர் அனந்தி. ஒரு மனைவியின் தேடல் வாக்காக மாறியது அன்று. அந்தச் சபையில் பிறகு பெண்களின் பிரச்சினைக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பது வேறு கதை.

காணிக்கு வருவோம். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி அரச காணி. மக்கள் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம். ஊர்ச் சொல்லில் ‘பேமிற்’. கணவன் இறந்தால் மனைவி அதில் இருக்கலாம், மறுமணம் செய்தால் உரிமை போய்விடும். பின்னுரிமைக்கு யாரையும் பெயரிடாவிட்டால், மகளுக்கு முன்னால் மகன் வந்தான். காலனித்துவ அரசு ஆண் விவசாயியை மனதில் வைத்து எழுதிய இந்த ஒழுங்கு, இருபத்தாறு வயதில் கணவனை இழந்த பெண்ணிடம், இன்னொரு வாழ்க்கையா காணியா என்று தெரிவு செய்யச் சொன்னது. இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பொலன்னறுவையிலும் அநுராதபுரத்திலும் இருந்த சிங்களப் பெண்களும்தான். அதனால் இது வடக்கின் கோரிக்கையாக மட்டும் நிற்கவில்லை. கொழும்பின் பெண்கள் அமைப்புகள் பல்லாண்டுகளாக இதைத் தூக்கிச் சுமந்தன. வாரிசுரிமையில் ஆணுக்கு முன்னுரிமை தந்த அந்தப் பட்டியல் 2022இல்தான் திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள்.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் இறங்கியவர்களும் உண்டு. 2017 தொடக்கத்தில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு இரவு பகலாக உட்கார்ந்து, ஒரு மாதத்தில் தங்கள் காணியில் 42 ஏக்கரை மீட்டார்கள். இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், தீவில் கடற்படை. ஓராண்டு கரையில் போராடிவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடி கட்டித் தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். கடலட்டை பொறுக்கியும் நண்டு பிடித்தும் வாழ்ந்த பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். அனுமதி யாரும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

கடனில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே மட்டும் பெண்ணின் கையெழுத்துக்கு ஏகப்பட்ட மதிப்பு. போர் முடிந்ததும் வீதி திறக்க, நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக்குள் வந்தன. காணி உறுதி வேண்டாம், கணவன் வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். அயல்வீட்டுப் பெண்களின் ஒற்றுமையையே ஈடாக வாங்கிய வியாபாரம் அது. கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி வாங்கப்படுவதையும், தவணைக்குப் பதில் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதையும் பதிவு செய்தார். அந்த ஆண்டு அரசு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பெண்கள் தெருவுக்கு வந்ததன் பின்தான் அது நடந்தது. தள்ளுபடி எல்லோரையும் சென்றடையவில்லை. 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி ஐம்பது நாளுக்கு மேல் இருந்தார்கள். போரின் இரு பக்கத்திலும் நின்ற கிராமங்களின் பெண்கள் ஒரே கோரிக்கையை வைத்த இடங்கள் மிகக் குறைவு. கடன் அவற்றில் ஒன்று.

முஸ்லிம் பெண்களின் போராட்டத்தைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் அது அவர்கள் விடயம் என்று கடந்துவிடுகிறார்கள். அது தவறு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண் கையெழுத்து வைக்கவே இடமில்லை. அவளுக்காக வலி, அதாவது ஆண் பாதுகாவலர், கையெழுத்திடுவார். முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியாகப் பெண் வர முடியாது. மாற்றம் பற்றி ஆராய 2009இல் அமைத்த சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. இந்தச் சட்டத்தை அடிப்படை உரிமையின் பெயரால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி தடுப்பது அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை. அரசியலமைப்புக்கு முந்திய சட்டங்கள், அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. அதே உறுப்புரைதான் தேசவழமையின் கணவன் சம்மதத்தையும் இத்தனை காலம் காத்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் உறுதியிலும் காத்தான்குடிப் பெண்ணின் திருமணப் பதிவிலும் விடுபட்டுப் போன கையெழுத்துக்குக் காரணம் ஒரே வரி. இரு சமூகத்துப் பெண்களும் சேர்ந்து அந்த உறுப்புரையை நீக்கக் கேட்டார்கள்.

அந்தச் சேர்க்கை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்துத் தமிழர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஓராண்டு கழித்து 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மார் ஒரு பக்கம், மறுநாளிலிருந்து தெருவில் இறங்கப் பயந்த முஸ்லிம் பெண்கள் மறு பக்கம். இருபது வருடம் சேர்ந்து வேலை செய்தவர்களிடையேயும் பேச்சு நின்ற நாட்கள் அவை. பிறகு செத்த வீடுகளுக்குப் போனார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள், சிலர் திரும்பவே இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மட்டக்களப்பில் பெண்கள் நாள்தோறும் நடந்த நீதிக்கான நடையில் இரு சமூகத்தவரும் இருந்தார்கள் என்பது அந்தப் பின்னணியில் சிறிய விடயமல்ல.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் 25 வீத ஒதுக்கீடு முதன்முறை நடைமுறைக்கு வந்து, சபைகளில் 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண்கள் 20 வீதத்தைத் தாண்டினார்கள். வந்தவர்களில் பலர் மாதர் சங்கங்களில் பேசிப் பழகியவர்கள். கட்சிகள் பலரைப் பட்டியலை நிரப்பவே சேர்த்தன. பலர் வாயைத் திறந்ததும் தலைவர்கள் திகைத்தார்கள்.

இன்றைய பெரிய தொல்லை பணமும் வயதும். வெளிநாட்டு நிதி ஒன்றிரண்டு ஆண்டுத் திட்டமாக வருகிறது. ஒரு பாலியல் வழக்கு நீதிமன்றத்தில் பத்தாண்டு இழுபடுகிறது. திட்டம் முடிந்ததும் வாகனம் போகிறது, அலுவலகப் பெண்ணின் சம்பளம் நிற்கிறது; தவணை நாளில் கூடப் போக அவள் தன் கைக்காசில் பஸ் ஏறுகிறாள். அறிக்கை எழுதத் தெரிந்த கொழும்பு அமைப்புக்கு நிதி போகிறது, கதவு தட்டும் பெண்ணுக்கு இரவில் எழும்பிக் கதவு திறப்பவளுக்குப் போவதில்லை.

தாய்மாரோ மூப்படைந்துவிட்டார்கள். கிளிநொச்சிப் போராட்டம் 2025 மே மாதத்தில் 3,000 நாளைக் கடந்தது. தொடங்கியவர்களில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடினார்கள்.

அந்த ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணைக் கிண்டியபோது எலும்புக்கூடுகள் வரத் தொடங்கின. 200ஐத் தாண்டிப் போனது. செம்மணியின் பெயர் வெளியே தெரிய வந்ததற்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறார். 1996 செப்டெம்பரில் பாடசாலையிலிருந்து திரும்பி வராத மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைத் தேடிச் சோதனைச் சாவடிக்குப் போன அவர் தாயும், தம்பியும், அயலவர் ஒருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பெண்கள் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்த அந்த வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய்தான், இன்னும் 300, 400 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னான். மறு ஆண்டு 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம்.

2025 ஓகஸ்ட் 5 அன்று, குழியில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். 1996இல் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அப்போது ஐம்பது வயது என்றால், அன்றைக்கு எழுபத்தொன்பது. அவன் கடைசியாகப் போட்டுக்கொண்டு போன சேட்டின் நிறத்தை, அதில் தான் தைத்துவிட்ட பொத்தானைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.